முதலாளி வீட்டு முற்றத்தில் நீ சொன்னது

போன வாரம் என் கடைக்கு ஒரு பட்டுப்புடவை வந்தது. ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டும். அரக்கு உடல், பச்சைக் கரை. கொண்டுவந்த அம்மாள் கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வேலூருக்கு வந்திருந்தார். பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம், முகமெல்லாம் பூரிப்பு. நான் வழக்கம்போலப் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிரித்தேன். எந்தப் பட்டு வந்தாலும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்தப் பழக்கம் எந்த ஊரில் ஒட்டிக்கொண்டது என்று உனக்கா சொல்ல வேண்டும்?

உடலின் நடுவே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அரக்கிலேயே கொஞ்சம் வெளுத்த அரக்கு. நிழலுக்குள் இழுத்தால் காணாமல் போனது, வெயிலுக்குக் கொண்டுவந்தால் திரும்பத் தெரிந்தது. "இன்னாம்மா, அப்படிப் பாக்கறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார். "ஜரிகை நல்லா இருக்குதுங்க, அதான் பாத்தேன்" என்றேன். கொசுவத்துக்குள் மடிந்துபோகும் இடம்தான். ஆசையாக எடுத்த புடவை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பதினைந்து வயது நீயாக இருந்தால் அந்த வாசலிலேயே பளிச்சென்று சொல்லியிருப்பாய். முப்பது வயது நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சேர்க்க வேண்டிய ஒரு பேச்சு என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. நான் பேசி நீ குறுக்கே பேசாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் ஆரணியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தோம். என் அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தார். உன் நைனா முதலாளியிடம் புடவைக்கு நெடுக்கே ஓடும் பாவு இழையை வாங்கி வந்து வீட்டுத் தறியில் பட்டு நெய்தார். உங்கள் வீட்டு முன்னறையில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் நீயும் நானும் புத்தகத்தை விரித்துவைத்து, படித்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். எனக்கு யார் அழுதாலும் தாங்காது. அழுகிறவர் எவரோ அவர் பக்கம் போய் நின்றுவிடுவேன். "அழுதா நியாயம் ஆயிடுமா?" என்று நீ கேட்பாய். வகுப்பில் காப்பி அடித்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்து என் பக்கத்தில் உட்காருவாய். அவள் வீட்டில் என்ன கஷ்டமோ என்று நான் சொன்னால், "தப்புன்னா தப்புதான், அதுல இன்னா கஷ்டம்?" என்பாய். உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

புடவையில் குறுக்கே ஓடும் இழையைச் சின்னக் குழலில் சுற்றி, தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவுக்குள் வைப்பார்களே, அந்தத் தார் சுற்றும் வேலை உன்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்துவிடுவாய். ஒரே சாயப்பட்டறை, ஒரே அரக்குதான், ஆனாலும் இரண்டு தடவை காய்ச்சினால் அது இரண்டு அரக்கு என்று எனக்குச் சொன்னது நீதான். அதனால் போன புடவையில் மிஞ்சிய தார் ஒரு கூடையில், இந்தப் புடவையின் தார் இன்னொரு கூடையில். விளக்கு வைத்த பிறகு வேறு கூடையில் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சட்டம். மஞ்சள் பல்பில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதே காரணத்தால்தான் நெய்து முடித்த புடவையை முதலாளி வீட்டில் காலை வெயிலில் பிரித்துக் காட்ட வேண்டும். பொழுது சாய்ந்தபின் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள்.

உன் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டவர் ஏழுமலை அண்ணன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் சந்தவாசல் பக்கம். அவருடைய அப்பா மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர். ஏழுமலை அண்ணன் கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு ஆரணிக்கு வந்து நெசவு கற்றுக்கொண்டார். நம்மைப் பார்த்தால், "பாப்பா, இன்னிக்கி யார் ஜெயிச்சது?" என்று கேட்பார். நம் சண்டையைத்தான். உங்கள் வீட்டில் அவருக்கு ஒரு தனி டம்ளர் இருந்தது. புறக்கடைச் சுவரில் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். நியாயம் நியாயம் என்று வாய் கிழியப் பேசிய நீயும், எல்லோருக்காகவும் அழுத நானும், அந்த டம்ளரைத் தினமும் பார்த்தோம். ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை உன் நைனா புடவையைத் துணியில் சுற்றிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் புறப்பட்டார். ஏழுமலை அண்ணனும் கூட வந்தார். நமக்குக் கடைத்தெருவில் கிராஃப் நோட்டு வாங்க வேண்டியிருந்தது, வழிதானே என்று நாமும் ஒட்டிக்கொண்டோம். அது ஒரு கல்யாணத்துக்காகச் சொல்லி நெய்த முகூர்த்தப் புடவை. முற்றத்தில் பாய் விரித்து முதலாளி அதைப் பிரித்தார். இன்னும் சில நெசவாளிகள் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஏழுமலை அண்ணன் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றார்.

முதலாளியின் கை நடுவில் நின்றுவிட்டது. "இது இன்னாய்யா?" என்றார். எனக்கே தெரிந்தது, பட்டை. வெயிலில் பளிச்சென்று கிடந்தது. உன் நைனா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பார்த்த இடம் பட்டைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, நீ கவனித்துவிட்டாய்.

அப்புறம் அவர் நிமிர்ந்து, "ஏழுமலைதான் தார் எடுத்து வெச்சான். கூடைய மாத்திட்டான் போல" என்றார்.

"இவனுங்கள எல்லாம் தறி மேல ஒக்கார வெச்சா இப்படித்தான் ஆவும்" என்று முதலாளி வாசல் பக்கம் கையை நீட்டிச் சொன்னார். நின்றிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "இனிமே இந்த ஊர்ல எவன் தறியிலயும் இவன் ஒக்காரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். ஏழுமலை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வழக்கம்போல அழுதுகொண்டு நின்றேன். நீ பாய் ஓரம் வரைக்கும் போனாய்.

"தார் சுத்துனது நானு. பழைய அரக்கு தனிக் கூடையில இருந்துச்சி. விளக்கு வெச்சப்புறம் அதுலேர்ந்து எடுத்தது நைனாதான். நான் படிச்சிகினு இருந்தேன், பாத்தேன். ஏழுமலை அண்ணன் அந்தக் கூடையத் தொடவே இல்ல" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒன்று சொன்னாய். "நைனாவுக்குக் கண்ணு தெரியல."

உன் நைனாவின் முகத்தை நான் மறக்க முயற்சி செய்து தோற்றுப்போயிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. யாரோ தன் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டதுபோல இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முதலாளி கொஞ்சம் இறங்கிய குரலில்தான் பேசினார். "கண்ணு தெரியாதவன்கிட்ட பாவு குடுத்துட்டு நான் இன்னாய்யா பண்றது?" என்றார். அன்றோடு அந்த வீட்டுப் பாவு நின்றுபோனது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா உன்னை அடிக்கவில்லை. "இம்மா ஜல்தியா சொல்லணுமாடி? வூட்ல வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குள்ள ஏழுமலை அண்ணன் பொழப்பு போயிருக்குமே" என்று நீ சொன்னாய். சோறு போட்டபோது உன் நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, உன் அம்மாவிடம், "அவள சாப்புடச் சொல்லு" என்றார். அவர் உன்னிடம் நேராகப் பேசுவது அன்றைக்கு நின்றது. அப்போது நமக்குத் தெரியாது. ஓரிரு நாள் கோபம் என்று நினைத்தோம்.

நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்தேன். கோர்ட்டில் சாட்சி சொன்ன வீராங்கனை மாதிரி சொன்னேன். தெருவில் வேறு மாதிரி சொன்னார்கள். பெத்த அப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்று உனக்குப் பெயர் வைத்தார்கள். நீ குழாயடிக்கு வந்தால் பேச்சு நிற்கும். நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தாய். அந்த நடையைப் பார்த்துத்தான் உனக்கு வருத்தமே கிடையாது என்று ஊர் முடிவு கட்டியது. எனக்கும் சில வருஷம் அப்படித்தான் தோன்றியது. கல்யாணமாகி வேலூருக்கு வந்த புதிதில், என் அப்பா மில்லில் கை நசுங்கிப் படுத்திருந்த சமயம், எப்படி இவளுக்கு அப்படிச் சொல்ல மனசு வந்தது என்று உன்மேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது. நீ மாறவே இல்லை, நான்தான் ஒரே காரியத்துக்கு உன்னைத் தூக்கியும் வைத்தேன், இறக்கியும் வைத்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன் நைனாவுக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். நீ பத்தாவது எழுதியதோடு படிப்பை நிறுத்தினாய். வேறொரு முதலாளி உன் அம்மா பெயரில் பாவு கொடுத்தார், நீ தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாய். உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து விரலாலேயே பாவைத் தடவிப் பார்ப்பார். அறுந்த இழை அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். "அவகிட்ட சொல்லு, எடது பக்கம் இழை அறுந்துகினு இருக்குது" என்று அடுப்படியில் இருக்கும் உன் அம்மாவைப் பார்த்துக் கத்துவார். நீ அவருக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பாய். உன் அம்மா ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, உனக்குக் காதே கேட்காததுபோல அதைத் திருப்பிச் சொல்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நீயும் சிலசமயம் சிரிப்பாய். உன்னைப் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்தபோது தாரை வார்த்துக் கொடுத்தார், நீ காலில் விழுந்தபோது தலையில் கை வைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் நீ எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாய். உன் பையன் அப்போது இடுப்புக் குழந்தை. பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை அண்ணனைப் பார்த்ததாகச் சொன்னாய். நன்றி சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறாய், அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாய். அவர் உன் பையனை வாங்கித் தூக்கிக்கொண்டு, "ஐயாவுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் பாப்பா" என்றிருக்கிறார். நீ திகைத்துப்போனாய். "சொன்னா அவருக்கும் தறி போயிடும், எனக்கும் வேலை போயிடும். அதான் வாயத் தொறக்கல. நீ சொன்ன, ரெண்டு பேருக்கும்தான் வேலை போச்சி" என்று சிரித்திருக்கிறார்.

உன் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னாராம். "ஆனா ஒண்ணு. வேலை போனா வேற வேலை. பேரு போயிருந்தா இந்த ஊர்ல ஒருத்தன் என்னை வாசல்ல நிக்க வுட மாட்டான். நீ அன்னிக்கி பேசலன்னா எம்புள்ளைங்க ஆரணியில வளந்திருக்காது."

நீ போனில் அழுதாய். நீ அழுது நான் கேட்டது அதுதான் முதல். என் பழைய குணத்துக்கு நானும் அழுதேன், பூத்துக்காரர் பணம் போதுமா என்று கேட்ட பிறகுதான் இருவரும் நிறுத்தினோம்.

உனக்கு மார்பில் கட்டி என்று வேலூருக்குக் கொண்டுவந்தபோது என் வீட்டில்தான் தங்கினாய். மருந்து ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு நாள் சுருண்டு கிடப்பாய். மூன்றாவது நாள் மாடிக்கு ஏறி வந்து, நான் துணி காயப்போடும்போது குட்டைச் சுவரில் உட்கார்ந்து பேசுவாய். ஒரு மத்தியானம் நீயாகவே அந்த டம்ளரைப் பற்றிப் பேசினாய். "ஏழுமலை அண்ணனுக்காக நியாயம் பேசினேனே, மறுநாளும் அவரு வந்தா அதே டம்ளர்லதான் தண்ணி குடுத்திருப்பேன், யோசிச்சிப் பாத்தியா? அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லடி" என்றாய். நான் ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அன்னிக்கிச் சொன்னது தப்புன்னு நெனைக்கிறியா?" என்று நான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நேராகக் கேட்டதில்லை.

நீ நிறைய யோசிக்கவில்லை. "ஏழுமலை அண்ணன் தொடலன்னு சொன்னது சரி. எப்ப கேட்டாலும் சொல்லுவேன். கண்ணு தெரியலன்னு சொன்னேன் பாரு, அது எதுக்கு? யாரும் கேக்கல. நான் கண்டுபுடிச்சிட்டேன்னு காட்டிக்கிட்டேன். ஒரு ஆளக் காப்பாத்த வந்தவ, இன்னொரு ஆள நடுமுற்றத்துல அவுத்துப் போட்டுட்டேன்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நைனா ஏன் பொய் சொன்னாருன்னு நான் இன்னிக்கி வரைக்கும் கேக்கவே இல்லடி. பொய்யின்னு தெரிஞ்சதும் எனக்கு அது போதுமா இருந்துச்சி" என்றாய்.

நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன். நானும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அழுவதற்கு எனக்கு விவரம் தேவைப்பட்டதே இல்லை. உன் கண்டிப்பும் என் கண்ணீரும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே லட்சணம்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. உன்னிடம் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சிச்சே உனுக்கு" என்று கேலி செய்தாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்தபோது உன் வீட்டுக்காரர் உன் நைனாவை அழைத்து வந்தார். அதற்குள் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டிருந்தது. உன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். கட்டில் விளிம்பைத் தடவிப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தார். யார் வழியாகப் பேசுவது என்று தெரியாமல் சற்று நேரம் தடுமாறினார். பிறகு என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, "அவ சாப்புட்டாளான்னு கேளும்மா" என்றார்.

நீ சிரித்தாய். சத்தம் வராத சிரிப்பு. "கஞ்சி குடிச்சேன்னு சொல்லு" என்றாய். நான் சொன்னேன். அப்புறம் நீ, "நைனாவ ஒண்ணு கேளுடி. கண்ணு எப்பலேர்ந்து தெரியாம போச்சின்னு கேளு" என்றாய்.

நான் அதைத் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை, அவர் காதில் விழுந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் சொல்வதுபோலவே சொல்ல ஆரம்பித்தார்.

"மொதல்ல முடிச்சு தெரியலம்மா. அப்புறம் சாயங்காலமானா பச்சையும் நீலமும் ஒண்ணா தெரிஞ்சிச்சி. அப்புறம் பகல்லயும் அப்படியே. ஏழுமலைகிட்ட, 'இன்னாடா, கலர் நல்லா வந்துகிதில்ல'ன்னு கேப்பேன். 'அரக்கு அருமையா கீதுங்க'ம்பான். சரி, அரக்குன்னு தெரிஞ்சிக்குவேன். வெளிய சொல்ல பயம். நெசவ வுட்டா எனக்கு இன்னா தெரியும்? அவ ப்ளஸ் டூ முடிச்சி டீச்சர் ட்ரெய்னிங் சேர்ற வரைக்கும் இஸ்துகினு போயிடலாம்னு பாத்தேன்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் படிப்புக்காக மறைத்தார், நீ சொன்னதும் முதலில் போனது உன் படிப்புதான். அதை அவரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "முன்னாடியே கேட்டிருக்கணும்னு சொல்லு" என்றாய். உன் நைனா தலையை ஆட்டினார், ஆமாம் என்றா, பரவாயில்லை என்றா, எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகும்போது உன் கால்மாட்டில் கம்பளி மடங்கியிருந்ததைக் கை தடவி இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "போதும்டி, கேட்டுட்டேன்" என்று நீ சொன்னாய். போதும் என்று நீ சொன்னது பொய். உன் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியாதா? அவர் வாயிலிருந்து நேராக ஒரு சொல்லுக்கு நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்றும் தெரியும்.

அந்த வாரத்திலேயே நீ போய்விட்டாய்.

உன் கருமாதிக்கு ஆரணிக்கு வந்திருந்தேன். பந்தலில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உன் நைனாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். உங்கள் எதிர்வீட்டு அம்மாள், உனக்கு முதலில் அந்தப் பெயரை வைத்த அதே அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பெத்த அப்பன ஊர் நடுவுல காட்டிக்குடுத்தா. அந்தப் பாவம் சும்மா வுடுமா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய்ச் சண்டை பிடிக்கலாம் என்று கையை ஊன்றினேன்.

அதற்குள் உன் நைனா, "ஏழுமலை வந்துகிறானா?" என்று சத்தமாகக் கேட்டார்.

ஏழுமலை அண்ணன் பந்தக்கால் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "இங்கதான் கீறேங்க" என்றார்.

"உள்ள வாடா. எம்பக்கத்துல வா." அவர் வந்து நின்றதும் உன் நைனா கையை நீட்டித் துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரைப் பார்த்தும் பேசவில்லை, பார்க்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அன்னிக்கிக் கூடைய மாத்தினது நானு. இவன் இல்ல. தெரிஞ்சேதான் இவன் மேல போட்டேன். இவன் மேல போட்டா எவனும் கேக்க மாட்டான்னு தெரியும் எனக்கு." ஏழுமலை அண்ணன் கையை விடாமலே மேலே சொன்னார். "எம்பொண்ணு யாரையும் காட்டிக்குடுக்கல. நான் சொல்ல வேண்டியத எம்பொண்ணு சொன்னா."

இத்தனை வருஷமும் 'அவ', 'அவகிட்ட', 'அவள' என்றே சொன்ன மனிதர். எம்பொண்ணு என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன்.

இதைத்தான் உன்னிடம் சேர்க்க வேண்டும் என்றேன். நீ கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது. கேட்டது நான். கொண்டுவந்து உன் கையில் கொடுக்க இடமில்லாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.